சிபி குழந்தைக்கு கோதுமைய நிறுத்தறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்

சிபி, அதாவது செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்) இருக்கற குழந்தை உள்ள வீட்டுக்கு இந்த அறிவுரை எப்படியாவது வந்து சேந்துடும். கோதுமைய நிறுத்துங்க, பால நிறுத்துங்க, குளூட்டன் (கோதுமைல இருக்கற ஒரு புரதம்) இல்லாம கொடுத்தா புள்ள எந்திரிச்சு நிக்கும்னு தெரபி செண்டர்ல பக்கத்துல உக்காந்திருக்கற அம்மா சொல்வாங்க, வாட்ஸ்அப் குரூப்ல யாரோ வீடியோ போடுவாங்க, ஊர்லேந்து சித்தி போன் பண்ணி சொல்வாங்க. சொல்றவங்க எல்லாருமே நம்ம புள்ள மேல இருக்கற பிரியத்துலதான் சொல்றாங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா நம்ம புள்ளைங்கள்ல நிறைய பேர் ஏற்கனவே எடை கம்மி, சாப்பிடறதே ரெண்டு மூணு அயிட்டம்தான், அதுல ஒண்ண புடுங்கினா அந்த இடத்துல என்ன வைக்கப் போறோம்னு யாரும் சொல்றதில்ல. அதனாலதான் இத எழுதறேன்.

மொதல்லயே ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். சிபிங்கறது பிறக்கறதுக்கு முன்னாடியோ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்துலயோ மூளைல ஏற்பட்ட பாதிப்பு, கோதுமைய நிறுத்தறதால அது மாறாது. அதே சமயம் சில சிபி குழந்தைங்களுக்கு நிஜமாவே சீலியாக் நோய் (குளூட்டனால சிறுகுடல் பாதிக்கற நோய்) இருக்கும், அவங்களுக்கு குளூட்டன் இல்லாத சாப்பாடு ஆயுசுக்கும் வேணும், கொடுக்கலன்னா எடையும் ஏறாது, ரத்தசோகையும் போகாது. இந்த ரெண்டு கூட்டத்துல நம்ம புள்ள எதுலங்கறத கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கு. மொதல்ல எடை, அப்பறம் விழுங்கறது, அப்பறம் கலோரி, அப்பறம் மோஷன், அதுக்கும் அப்பறம்தான் குளூட்டன். அதுலயும் டெஸ்ட் எடுத்துட்டுதான் நிறுத்தணும், நிறுத்திட்டு டெஸ்ட் எடுக்கக் கூடாது. ஏன்னு கீழ சொல்றேன்.

எடையும் உயரமும்

நிக்க முடியாத குழந்தைய எப்படி எடை பாக்கறதுன்னு நிறைய பேர் விட்டுடறாங்க. வீட்டு மெஷின்லயே பாக்கலாம், குழந்தைய தூக்கிட்டு நீங்க ஏறி நில்லுங்க, அப்பறம் நீங்க மட்டும் ஏறுங்க, கழிச்சா வந்துடும். ஸ்பிளின்ட், ஷூ எல்லாம் கழட்டிட்டு, மாசம் ஒரு தடவை, அதே மெஷின்ல, காலைல சாப்பிடறதுக்கு முன்னாடி. ஒரு நோட்ல தேதி போட்டு எழுதி வைங்க, நாலஞ்சு மாச நோட்டு இருந்தா டாக்டருக்கு அது எந்த ஸ்கேனையும் விட உதவும்.

உயரம்தான் சிக்கல், ஏன்னா கால் மடங்கியிருக்கும், முதுகு வளைஞ்சிருக்கும், படுக்க வச்சு டேப் வச்சா தப்பா வரும். இதுக்கு முழங்கால் உயரம்னு ஒரு வழி இருக்கு. முட்டிய நேரா 90 டிகிரி மடக்கி, குதிகாலுக்கு அடிலேந்து முட்டிக்கு மேல தொடையோட மேல்பக்கம் வரைக்கும் அளந்து, அந்த அளவ 2.69 ஆல பெருக்கி 24.2 கூட்டினா சுமாரா உயரம் வந்துடும், 12 வயசு வரைக்கும் இது பொருந்தும். உதாரணத்துக்கு முழங்கால் உயரம் 28 செ.மீ.ன்னா உயரம் கிட்டத்தட்ட 99.5 செ.மீ.

இந்த உயரத்த வச்சுதான் கலோரிக்கும் ஒரு சுமாரான கணக்கு போடுவாங்க. நடக்க முடியாத குழந்தைக்கு ஒரு செ.மீ.க்கு 11 கலோரி, கஷ்டப்பட்டாவது நடக்கற குழந்தைக்கு 14. அப்போ மேல சொன்ன குழந்தை நடக்கலன்னா நாளைக்கு 1100 கலோரி கிட்ட. இது ஆரம்பிக்கறதுக்கு ஒரு நம்பர் மட்டும்தான். கை கால் ஓயாம ஆடிட்டே இருக்கற அதிடாய்டு டைப் குழந்தைக்கு இன்னும் கூட வேணும், ரொம்ப அசைவே இல்லாத குழந்தைக்கு இதுவே அதிகமாகி எடை கூடிப்போகும், அப்பறம் தூக்கறதுக்கு நம்ம இடுப்பு தாங்காது. மாசா மாசம் எடைய பாத்து ஏத்தி இறக்கணும். பக்கத்து வீட்டு அதே வயசு புள்ளையோட எடையோட மட்டும் ஒப்பிட்டு அழாதீங்க, கையோட சதை, தோல் மடிப்பு கொழுப்பு எல்லாத்தையும் டயட்டீஷியன் அளந்து சொல்றதுதான் சரியா இருக்கும்.

உக்கார வச்சு, நேரா, மெதுவா

எடை ஏறலன்னா பாதி வீட்டுல காரணம் சாப்பாட்டுல இருக்காது, சாப்பாடு வாய்க்குள்ள போற விதத்துல இருக்கும். நாக்கு முன்னாடி தள்ளும், உதடு மூடாது, தாடை கட்டுப்பாடு இருக்காது, பாதி வெளிய வந்துடும். தட்டுல போட்டது 300 கலோரின்னா உள்ள போறது 150 தான்.

நம்ம ஊர்ல கைக்குழந்தைய கால்ல படுக்கப்போட்டு பாலாடைல ஊத்தற பழக்கம் இருக்கு இல்லையா, சிபி குழந்தை அஞ்சு ஆறு வயசான பிறகும் அதே மாதிரி மல்லாக்க வச்சு ஊத்தறாங்க, சிலர் மூக்க புடிச்சு ஊத்தறாங்க. தயவுசெஞ்சு இத இன்னிக்கே நிறுத்துங்க. தலை பின்னாடி போனா மூச்சுக்குழாய் தொறந்துடும், ஊத்தறது நேரா நெஞ்சுக்குள்ள போகும், அடிக்கடி நிமோனியா வரதுக்கு இது பெரிய காரணம்.

இடுப்பு 90 டிகிரி, முட்டி 90 டிகிரி, பாதம் எதுலயாவது அழுந்தி இருக்கணும், தொங்கக் கூடாது. சிபி சேர் இல்லன்னா சுவத்து மூலைல ரெண்டு பக்கமும் தலகாணி அணைச்சு, பாதத்துக்கு அடில கனமான புக்கோ பலகையோ வச்சு உக்கார வைக்கலாம். தாடை லேசா கீழ பாத்து இருக்கணும். நீங்க முன்னாடி, குழந்தையோட கண் மட்டத்துல, முக்காலி போட்டு உக்காருங்க. நின்னுகிட்டு ஊட்டினா ஸ்பூன் மேலேந்து வரும், குழந்தை தலைய தூக்கும், அவ்ளோதான் எல்லா வேலையும் வீணா போச்சு.

ஸ்பூன் குழி கம்மியா, சின்னதா, ஸ்டீல் இல்லாம சிலிக்கானோ கெட்டி பிளாஸ்டிக்கோ இருந்தா நல்லது. நாக்கு மேல வச்சு லேசா அழுத்திட்டு நேரா வெளிய எடுங்க, மேல் பல்லுல வழிச்சு விடாதீங்க, உதடு மூடி எடுக்க அந்தப் புள்ளைக்கு ஒரு வாய்ப்பு கொடுங்க. சில பேர் ஸ்பூன கடிச்சு புடிச்சுக்குவாங்க, அது அடம் இல்ல, அவங்க கட்டுப்பாட்டுல இல்லாத ரிஃப்ளெக்ஸ். இழுக்க இழுக்க இன்னும் இறுக்கும், தலைய லேசா முன்னாடி சாய்ச்சு காத்திருந்தா தானா விடும். ஒரு வாய் விழுங்கிட்டாங்களான்னு தொண்டைய பாத்துட்டுதான் அடுத்த வாய். மொத்தமா 30 நிமிஷத்துக்கு மேல போனா நிறுத்திடுங்க, அதுக்கு மேல ஊட்டறதுல குழந்தை சாப்பிடறத விட செலவு பண்றதுதான் அதிகம். சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்க வைக்காதீங்க.

புரை ஏறுதா, சாப்பிடும்போது கண்ல தண்ணி வருதா, சாப்பிட்ட பிறகு குரல் கரகரன்னு ஈரமா கேக்குதா, வருஷத்துல ரெண்டு மூணு தடவை நெஞ்சு சளி காய்ச்சல்னு ஆஸ்பத்திரி போறீங்களா, இதுல எது இருந்தாலும் ஸ்பீச் தெரபிஸ்ட்ட காட்டுங்க. இருமலே இல்லாம சத்தமில்லாம நுரையீரலுக்குள்ள போறதும் உண்டு, எக்ஸ்ரேலயே விழுங்கறத வீடியோவா எடுக்கற டெஸ்ட் இருக்கு, அதுலதான் அது தெரியும்.

ரசம் சாதம் ஏன் ஆகாது

ரசம் சாதம் லைட்டா இருக்கும், ஈசியா இறங்கும்னுதான் நாம நினைக்கிறோம். ஆனா வாய் கட்டுப்பாடு இல்லாத குழந்தைக்கு அது கஷ்டமான சாப்பாட்டுல ஒண்ணு. தண்ணி தனியா பருக்கை தனியா இருக்கு, பருக்கைய வாய்ல வச்சு மெல்லப் பாக்கும்போதே தண்ணி தொண்டைக்குள்ள ஓடிடும். பால்ல ஊறின பிஸ்கட், நீர் மோர் ஊத்தின சாதம், தண்ணியா சாம்பார் ஊத்தின இட்லி எல்லாமே இதே கதைதான். அதுக்குப் பதிலா பருப்பு சாதம் நெய் விட்டு ஒரே பதமா மசிச்சது, தயிர் சாதம் கெட்டியா பிசைஞ்சது, நேந்திரம்பழம் வேக வச்சு மசிச்சது, இட்லிய கெட்டித் தயிர்லயோ கெட்டிப் பருப்புலயோ பிசைஞ்சது.

பதம் சரியான்னு பாக்க ஸ்பூன்ல எடுத்து சாய்ச்சு பாருங்க. ஸ்பூன்ல இருக்கும்போது வடிவம் கலையாம நிக்கணும், சாய்ச்சா மொத்தமா ஒரே கட்டியா தொப்புனு விழணும், ஸ்பூன்ல ஒட்டிக்கிட்டு வராம இருந்தா ரொம்ப கெட்டி, சொட்டு சொட்டா வழிஞ்சா ரொம்ப தண்ணி. உங்க குழந்தைக்கு எந்த பதம்னு தெரபிஸ்ட் சொன்னத வச்சுக்கோங்க, எல்லாருக்கும் ஒரே பதம் கிடையாது.

இன்னொண்ணு, கஞ்சி மாவுச்சத்தால கெட்டியானது, எச்சில் பட்டா நீர்த்துப் போகும். ஒரே கிண்ணத்துல அதே ஸ்பூன விட்டு விட்டு எடுத்தா பத்து நிமிஷத்துல கிண்ணம் முழுக்க தண்ணியாகி கடைசி வாய்ல புரை ஏறும். கொஞ்சம் கொஞ்சமா வேற கிண்ணத்துல எடுத்து வச்சு ஊட்டுங்க.

அதே வயித்துக்குள்ள கூட கலோரி

நம்ம வீட்டு கேழ்வரகு கஞ்சிய ஒரு தடவை கணக்கு போட்டு பாருங்க. ஒரு டம்ளர் தண்ணில ஒரு டேபிள்ஸ்பூன் மாவு போட்டு காய்ச்சினா அதுல இருக்கறது 35 கலோரி கூட வராது, வயிறு மட்டும் நிறைஞ்சிடும். அதையே ரெண்டு டேபிள்ஸ்பூன் மாவு, 100 மில்லி பால், ஒரு டீஸ்பூன் நெய், ஒரு டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலை பொடி, ஒரு டீஸ்பூன் வெல்லம்னு காய்ச்சினா 230 கலோரிக்கு மேல வந்துடும், அளவு அதே ஒரு டம்ளர்தான். நெய்யோ நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஒரு டீஸ்பூன் 45 கலோரி, மூணு வேளைக்கும் ஒவ்வொண்ணு சேத்தாலே நாளைக்கு 135 கலோரி கூடிடும். முட்டை ஒண்ணு 70 கலோரி, 6 கிராம் புரோட்டீன், அரை வேக்காடா கொடுக்காம நல்லா வேகவச்சு பருப்பு சாதத்துல மசிச்சிடுங்க. வேர்க்கடலைய முழுசா கொடுக்கவே கூடாது, பொடியா மட்டும்.

முளைகட்டின கேழ்வரகு மாவுக்கு ஒரு நல்ல குணம் இருக்கு. முளைக்கும்போது அதுல அமைலேஸ்னு ஒரு என்சைம் உருவாகும், கெட்டியா காய்ச்சின கஞ்சில வெதுவெதுப்பா இருக்கும்போது ஒரு ஸ்பூன் முளைகட்டின மாவ போட்டு கலக்கினா கஞ்சி இளகிடும், அப்போ மாவு ரெண்டு பங்கு போட்டும் குடிக்கற பதத்துல இருக்கும். வயிறு சின்னதா இருக்கற, விழுங்கறதுல பிரச்சினை இல்லாத குழந்தைக்கு இது அருமையான வழி (கலக்கின பிறகு ஒரு கொதி விட்டு ஆறவைங்க). கெட்டியாதான் கொடுக்கணும்னு தெரபிஸ்ட் சொல்லியிருக்கற குழந்தைக்கு இத செய்யாதீங்க, அங்க இது எதிரா வேலை செய்யும்.

எலும்பு விஷயமும் பாக்கணும். நிக்காத, நடக்காத குழந்தைக்கு எலும்பு மெலிஞ்சு போகும், துணி மாத்தும்போதே முறிஞ்ச கதை இருக்கு. கேழ்வரகுல 100 கிராமுக்கு 350 மி.கி. கிட்ட கால்சியம் இருக்கு, ஆனா விட்டமின் டி இல்லன்னா அது எலும்புக்கு போகாது. ஒரு வயசுக்கு மேல சாதாரணமா நாளைக்கு 600 யூனிட் வேணும், பிட்ஸுக்கு ஃபெனிடாயின், ஃபீனோபார்பிடோன், கார்பமசெபின் மாதிரி மருந்து எடுக்கற குழந்தைக்கு விட்டமின் டி சீக்கிரம் கரையும், அதனால ரத்தத்துல அளவ பாத்து டாக்டர் சொல்ற டோஸ் கொடுக்கணும். டோபிராமேட் பசிய குறைக்கும், வால்ப்ரோயேட் சிலருக்கு எடைய ஏத்தும். பசியில்லன்னு சாப்பாட்ட மாத்தறதுக்கு முன்னாடி சமீபத்துல மருந்து மாறிச்சான்னு யோசிங்க. மருந்த நீங்களா நிறுத்தாதீங்க.

மோஷன், தண்ணி, எதுக்களிப்பு

வயிறு உப்புசம், சாப்பாட்ட மறுக்கறது, ராத்திரி திடீர்னு அழறது, இதெல்லாம் குளூட்டன்னு நினைக்கறதுக்கு முன்னாடி மோஷன் எத்தனை நாளைக்கு ஒரு தடவை போறான்னு பாருங்க. நாலு நாள் மலம் உள்ள தங்கினா எந்த குழந்தைக்கும் பசிக்காது. 12 கிலோ குழந்தைக்கு எல்லா திரவமும் சேத்து நாளைக்கு 1100 மில்லி வேணும் (மொத 10 கிலோவுக்கு கிலோவுக்கு 100, அடுத்த 10 கிலோவுக்கு கிலோவுக்கு 50). தண்ணி குடிச்சா புரை ஏறுதுன்னு பயந்து நிறைய வீட்டுல 400 மில்லி கூட போறதில்ல, அப்பறம் மலம் கல்லா போகாம என்ன பண்ணும். கெட்டி மோர், இளநீர்ல மசிச்ச வழுக்கை, தர்பூசணி கூழ், பப்பாளி மசியல், ராத்திரி ஊறவச்ச உலர் திராட்சைய அரைச்சு வடிகட்டினதுன்னு தண்ணிய வேற ரூபத்துல உள்ள அனுப்பணும். லாக்டுலோஸ் மாதிரி மருந்து டாக்டர் கொடுத்தா பயப்படாதீங்க, அது பழக்கமாயிடும்னு நடுவுல நிறுத்தறதுதான் பிரச்சினைய திருப்பிக் கொண்டு வருது.

எதுக்களிப்பு இன்னொண்ணு. சாப்பிட்டதும் முதுக வில்லா வளைக்கறது, கழுத்த ஒரு பக்கம் திருப்பிக்கறது, அடிக்கடி வாந்தி, பல் அரிச்சு போறதுன்னா அமிலம் மேல வருதான்னு டாக்டர் பாக்கணும். பேச முடியாத குழந்தை வலிய உடம்பாலதான் சொல்லும், டோன் (தசை இறுக்கம்) திடீர்னு கூடினா, ஸ்பாஸ்டிசிட்டி (தசை விறைப்பு) அதிகமாச்சுன்னு பிசியோ கிட்ட ஓடறதுக்கு முன்னாடி வயிறு வலிக்குதான்னு யோசிங்க.

இப்போ குளூட்டன்

இதெல்லாம் சரி பண்ணி ரெண்டு மூணு மாசம் ஆகியும் எடை ஏறல, வயிறு பெருசாவே இருக்கு, மோஷன் நாத்தமா, தண்ணியா, மிதக்கற மாதிரி போகுது, இரும்பு மருந்து கொடுத்தும் ரத்தம் ஏறல, இல்லன்னா வீட்டுல யாருக்காவது சீலியாக்கோ டைப் 1 சர்க்கரையோ தைராய்டோ இருக்குன்னா இப்போ குளூட்டன பத்தி டாக்டர்ட்ட கேளுங்க. கஷ்டம் என்னன்னா இந்த அறிகுறியெல்லாம் சிபிலயும் சாதாரணமா வரதுதான். அதனால இருக்கற சீலியாக்க சிபின்னு நினைச்சு விட்டுடறதும் நடக்குது, இல்லாத சீலியாக்க இருக்குன்னு நினைச்சு கோதுமைய நிறுத்தறதும் நடக்குது.

குளூட்டன் கோதுமை, பார்லி, ரைங்கற தானியம் மூணுலயும் இருக்கற புரதம். அதால வர தொந்தரவு மூணு வகை. கோதுமை அலர்ஜின்னா சாப்பிட்ட கொஞ்ச நேரத்துலயே தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல்னு வரும். சீலியாக்ல உடம்போட எதிர்ப்பு சக்தியே சிறுகுடல அரிச்சு தின்னும், மெதுவா, மாசக்கணக்குல. மூணாவது இந்த ரெண்டும் இல்லாம கோதுமை சாப்பிட்டா வயிறு சரியில்லாம போறது, குளூட்டன் சென்சிட்டிவிட்டின்னு சொல்றது, இதுக்கு ரத்த டெஸ்ட் எதுவும் கிடையாது, மத்த ரெண்டும் இல்லன்னு உறுதி பண்ணிட்டுதான் இதுக்கே வரணும்.

சீலியாக்குக்கு டிடிஜி ஐஜிஏங்கற ரத்த டெஸ்ட், கூடவே மொத்த ஐஜிஏ (ஐஜிஏங்கறது நம்ம உடம்பு உருவாக்கற ஒரு வகை ஆன்டிபாடி, எதிர்ப்புப் புரதம்). ரெண்டும் சேத்து எழுதியிருக்காங்களான்னு சீட்ட பாருங்க, ஏன்னா சில குழந்தைங்களுக்கு ஐஜிஏவே உடம்புல கம்மியா இருக்கும், அப்போ டிடிஜி நார்மல்னு வந்தாலும் அத நம்ப முடியாது. பாசிட்டிவ் வந்தா எண்டோஸ்கோப்பில சிறுகுடல்லேந்து சின்ன பயாப்ஸி (சதைத் துணுக்கு) எடுப்பாங்க. 2020ல ஐரோப்பிய குழந்தைகள் குடல் மருத்துவ அமைப்பு கொடுத்த வழிகாட்டுதல்படி, டிடிஜி நார்மல் அளவுக்கு 10 மடங்குக்கு மேல இருந்து, தனியா எடுத்த ரெண்டாவது சாம்பிள்ல எண்டோமைசியல் ஆன்டிபாடியும் பாசிட்டிவா இருந்தா பயாப்ஸி இல்லாமயே முடிவு பண்ணலாம். மயக்க மருந்து ரிஸ்க் அதிகமா இருக்கற நம்ம புள்ளைங்களுக்கு இது பெரிய விஷயம், டாக்டர்ட்ட கேட்டுப் பாருங்க.

இந்த டெஸ்ட் எல்லாமே குழந்தை கோதுமை சாப்பிட்டுட்டு இருந்தாதான் சரியா காட்டும். நிறுத்தி மூணு நாலு மாசம் கழிச்சு எடுத்தா ஆன்டிபாடி இறங்கியிருக்கும், ரிப்போர்ட் நார்மல்னு வரலாம், நோய் உள்ளயே இருக்கும். நம்ம ஊர்ல இதுல ஒரு கூடுதல் சிக்கல் இருக்கு. இட்லி, சாதம், கேழ்வரகு மட்டுமே சாப்பிடற குழந்தை கோதுமைய நிறுத்தாமயே கிட்டத்தட்ட நிறுத்தின மாதிரிதான். அதனால டெஸ்டுக்கு முன்னாடி குறைஞ்சது 6 வாரம் தினமும் ஒரு வேளைக்கு மேல ரவை கஞ்சியோ, கோதுமை மாவு கூழோ, மசிச்ச சேமியாவோ, குழந்தைக்கு ஒத்துக்கற பதத்துல போயிருக்கணும். கோதுமை அலர்ஜி சந்தேகம் இருந்தா இத வீட்டுல நீங்களா செய்யாதீங்க, டாக்டர் சொல்லிதான்.

இத எழுதும்போது தமிழ்நாட்டு பெத்தவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். இந்தியால மூணு பகுதில 23,000க்கு மேற்பட்ட பெரியவங்கள வச்சு செஞ்சு 2016ல வெளியான ஆய்வுல சீலியாக் வடக்குல நூத்துல ஒருத்தர் கிட்ட, தெற்குல ஆயிரத்துல ஒருத்தர் கிட்டதான் இருந்துச்சு. அங்க ஒருத்தர் நாளைக்கு சராசரியா 455 கிராம் கோதுமை சாப்பிடறாங்க, இங்க 25 கிராம். அப்போ நம்ம பக்கம் இது அபூர்வம்தான், ஆனா இல்லாம இல்ல, வீட்டுல தினம் ரெண்டு வேளை சப்பாத்தின்னு மாறிட்ட குடும்பங்கள் இப்போ நிறைய.

சிபிக்கும் குளூட்டனுக்கும் தொடர்பு இருக்குன்னு சொல்றவங்க பெரும்பாலும் காட்டறது 2009ல ஸ்வீடன்ல வந்த ஒரு ஆய்வு. சிபி இருக்கறவங்ககிட்ட கோதுமை புரதத்துக்கு எதிரான கிளயாடின் ஆன்டிபாடி மத்தவங்கள விட அதிகமா இருந்துச்சு, குறிப்பா நாலு கை காலும் பாதிச்ச, எடை கம்மியா இருந்தவங்ககிட்ட. ஆனா பயாப்ஸி எடுத்துப் பாத்தப்போ சீலியாக்னு சொல்ற அளவுக்கு குடல் பாதிப்பு பொதுவா இல்ல. அந்த ஆன்டிபாடி ஏன் கூடுதுங்கறது வேற கேள்வி, கோதுமைய நிறுத்தினா சிபி குறையும்னு அந்த ஆய்வு சொல்லல. அதே மாதிரி நூறு, இருநூறு உணவுக்கு ஒரே ரத்தத்துல ஐஜிஜி (இன்னொரு வகை ஆன்டிபாடி) பேனல் எடுத்து இது ஆகாது அது ஆகாதுன்னு லிஸ்ட் கொடுக்கற டெஸ்டுக்கு காசு செலவு பண்ணாதீங்க, ஒரு உணவ சாப்பிட்டுப் பழகியிருந்தாலே அந்த ஐஜிஜி வரும், அலர்ஜி அமைப்புகள் எல்லாம் அத வேண்டாம்னுதான் சொல்றாங்க. அந்த லிஸ்ட வச்சு பாலு, முட்டை, கோதுமை, கடலைன்னு எல்லாத்தையும் நிறுத்தி எலும்பும் தோலுமா ஆன குழந்தைங்கள பாக்கும்போது எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

சீலியாக்னு உறுதியானா

இதுல நாம பாக்கியசாலிங்க, தமிழ் சமையல்ல பெரும்பகுதி ஏற்கனவே குளூட்டன் இல்லாததுதான். அரிசி, இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, எல்லா பருப்பும், ஜவ்வரிசி, நேந்திரங்காய் பொடி. நிறுத்த வேண்டியது கோதுமை, மைதா, ரவை, சம்பா ரவை, கோதுமை சேமியா, பார்லி கஞ்சி, பிஸ்கட், ரஸ்க், பன். அரிசி ரவை ஓகே. ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையோட கலந்து வருது, குளூட்டன் இல்லன்னு போட்ட பாக்கெட் தவிர வேண்டாம்.

எல்லாரும் கோட்டை விடறது மறைஞ்சிருக்கற இடத்துலதான். ஹார்லிக்ஸ், பூஸ்ட், போர்ன்விட்டா எல்லாத்துலயும் மால்ட் இருக்கு, மால்ட்னா பார்லி. கடைல விக்கற சத்து மாவுல கோதுமையும் பார்லியும் சாதாரணமா இருக்கும், பின்னாடி படிங்க. அப்பறம் பெருங்காயம், கூட்டுப் பெருங்காயத்துல மைதாவோ கோதுமை மாவோ சேப்பாங்க, அது தினம் ரசத்துலயும் சாம்பார்லயும் போகுது, அரிசி மாவுல செஞ்ச பெருங்காயம் பாத்து வாங்குங்க. சோயா சாஸ் வேண்டாம். மாத்திரை சிலதுல கோதுமை ஸ்டார்ச் இருக்கலாம், மருந்துக்கடைல கேளுங்க. இந்தியால கிலோவுக்கு 20 மி.கி.க்குள்ள குளூட்டன் இருந்தாதான் பாக்கெட்ல குளூட்டன் இல்லன்னு போட முடியும்.

சத்து மாவ வீட்டுலயே செஞ்சுடலாம். முளைகட்டி காயவச்ச கேழ்வரகு 200 கிராம், புழுங்கல் அரிசி 200, பாசிப்பருப்பு 100, பொட்டுக்கடலை 100, வேர்க்கடலை 50, கொஞ்சம் ஏலக்காய். தனித்தனியா வாசம் வர வறுத்து ஆறவைங்க, வேர்க்கடலை தோல புடைச்சிடுங்க. மில்லுக்கு போனா முன்னாடி யாரோடது அரைச்சாங்கன்னு கேளுங்க, கோதுமை ஓடின மெஷின்ல நம்ம மாவு அரைச்சா மொத ஒரு கிலோவுல கோதுமை இருக்கும், வறுத்து சுத்தம் பண்ணினதுக்கு அர்த்தமே இல்லாம போயிடும். மிளகாய் மெஷின், அரிசி மெஷின்னு தனியா வச்சிருக்கற மில்லுல அரிசி மெஷின்ல காலைல மொதல் ஆளா போடலாம், அதுக்கும் முன்னாடி அரை கிலோ அரிசி ஓட்டி தனியா எடுத்துடுங்க. முடியலன்னா மிக்சில கொஞ்சம் கொஞ்சமா. அப்பறம் நைஸ் சல்லடைல ரெண்டு தடவை சலிங்க, கேழ்வரகு உமி தொண்டைல ஒட்டி இருமல் வரவைக்கும்.

சப்பாத்தி சுட்ட கல்லுலயே தோசை ஊத்தாதீங்க, புள்ளைக்கு தனி கல், தனி கரண்டி. கோதுமை மாவு சலிக்கற சல்லடையும் தனி. ஆறு மாசம் கழிச்சு டிடிஜி திரும்ப பாப்பாங்க, இறங்கலன்னா எங்கயோ கலக்குதுன்னு அர்த்தம், தாத்தா பாட்டி பாசத்துல கொடுக்கற பிஸ்கட்லேந்து தேட ஆரம்பிங்க.

டெஸ்ட் நெகட்டிவ், ஆனாலும் சந்தேகம்

அப்போ டயட்டீஷியன்கிட்ட சொல்லிட்டு 4லிருந்து 6 வாரம் கோதுமைய நிறுத்திப் பாக்கலாம். அந்த நேரத்துல வேற எதையும் மாத்தாதீங்க, புது தெரபி, புது மருந்து, பால் நிறுத்தறதுன்னு எல்லாத்தையும் ஒண்ணா பண்ணினா எதனால என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது. நிறுத்தின கோதுமையோட கலோரிக்கு அதே அளவு அரிசியோ கேழ்வரகோ போகணும். தினம் மோஷன், வயிறு, தூக்கம், வாரம் எடை எழுதுங்க. முடிஞ்சதும் கண்டிப்பா திரும்ப கொடுத்துப் பாக்கணும், இத யாரும் செய்யறதில்ல. திரும்ப கொடுத்தும் தொந்தரவு வரலன்னா கோதுமை காரணம் இல்ல, நிறுத்தினப்போ தண்ணி கூட போச்சா, பிஸ்கட் குறைஞ்சு வீட்டு சாப்பாடு கூடிச்சா, அதால சரியாச்சு. தொந்தரவு திரும்ப வந்தா குறைச்சுக்கோங்க, பெருங்காயம் வரைக்கும் தேட வேண்டியதில்ல.

வாயால எவ்ளோ முயற்சி பண்ணியும் எடை இறங்கிட்டே போகுது, ஒவ்வொரு வேளையும் ஒரு மணி நேரம் ஆகுது, நிமோனியா திரும்பத் திரும்ப வருதுன்னா டாக்டர் டியூப் பத்தி பேசுவாங்க. கொஞ்ச நாளைக்குன்னா மூக்கு வழியா, ரொம்ப நாளைக்குன்னா வயித்துல நேரா போடற பெக் டியூப். ஒரு அம்மா ஊட்டத் தெரியாம போனதால வரது இல்ல இது, மருந்து, தண்ணி, கலோரி மூணும் பத்திரமா உள்ள போக ஒரு வழி. ருசிக்கு கொஞ்சம் வாயால கொடுக்கலாமான்னு கேளுங்க, நிறைய பேருக்கு சரின்னுதான் சொல்வாங்க. டியூப் போட்ட பிறகு எடை வேகமா ஏறும், கலோரிய அப்பப்போ குறைக்க மறக்காதீங்க.

எங்க போறதுன்னா, மாவட்ட அளவுல அரசு ஆரம்பகட்ட இடையீட்டு மையம், டிஇஐசின்னு சொல்வாங்க, அங்க குழந்தை டாக்டர், பிசியோ, ஸ்பீச் ஒரே இடத்துல இருக்கணும். சென்னைக்கு பக்கத்துல முட்டுக்காட்டுல மத்திய அரசோட நிப்மெட் (பல ஊனம் உள்ளவங்களுக்கான தேசிய நிறுவனம், NIEPMD), சென்னைலயே வித்யாசாகர்ங்கற தொண்டு நிறுவனம். குடல் சம்பந்தமா குழந்தைகள் கேஸ்ட்ரோ டாக்டர் இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு போகணும். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டோட நிராமயா இன்ஷூரன்ஸ் சிபி குழந்தைங்களுக்கு 1 லட்சம் ரூபா வரைக்கும் உண்டு, தெரபி, ஓபி செலவுக்கும் அதுல இடம் இருக்கு, இன்னும் எடுக்கலன்னா எடுத்துடுங்க. போகும்போது எடை நோட்டு, மூணு நாள் சாப்பாட்டு அளவு, மருந்து சீட்டு, முடிஞ்சா குழந்தை சாப்பிடறத ரெண்டு நிமிஷம் பக்கவாட்டுலேந்து எடுத்த வீடியோ, இந்த நாலையும் எடுத்துட்டு போங்க.